முதுகு பாக்குறவன்

அண்ணாச்சி, இந்தப் பைய செத்த மடியில வச்சுக்கிடுதியளா? மேல வைக்கலாம்னா எனக்குத் தோள் தூக்காது. கீழ வச்சா பஸ்ல ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் மிதிச்சிட்டுப் போவான். உள்ள பட்டுச் சேலை இருக்கு. கூட ஒரு சின்னச் செயினும் இருக்கு. சத்தமாச் சொல்லக்கூடாது, ஆனா உங்களப் பாத்தா அப்படி ஆளாத் தெரியல.

எந்தூரு உங்களுக்கு? கோவில்பட்டியா. உவரிக் கோயிலுக்குப் போறியளா. நல்லது. நான் அதுக்கு முன்னாலயே மணப்பாடு விலக்குல எறங்கிருவேன். அங்க எங்க அக்கா வீடு. நாளைக்கு அக்கா மவ ஷெரினுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். ஒரே தாய்மாமன், கேட்டுக்கிடுங்க. எங்க அக்கா கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன் தான்.

ஆனா எனக்கு அழைப்பு இல்ல. எங்க தெருவுல அத்தன வீட்டுக்கும் பத்திரிகை வந்திருக்கு, எனக்கு வரல. பக்கத்து வீட்டுக்காரி தான் கொண்டாந்து காட்டுனா. பாவம்னு காட்டல, என் மொகம் எப்படிப் போவுதுன்னு பாக்கக் காட்டுனா. அதுல 'தாய்மாமன்: இன்னாசி'ன்னு அச்சடிச்சிருக்கு. இன்னாசி யாருன்னா எங்க சித்தி மவன். ஐஸ் கம்பெனியில உக்காந்து வேல பாக்குறவன். கடல்ல முழங்காலுக்கு மேல நனைஞ்சா சளி பிடிச்சிரும் அவனுக்கு. அவன் மாமனாம். அப்ப நான் யாராம்?

குத்தம் என்னன்னா, நான் திரும்பிட்டேனாம்.

நான் திரும்பல, அண்ணாச்சி. மாதா மேல சத்தியமாத் திரும்பல. அக்காகிட்டயும் சொல்லிட்டேன், சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன், கேட்டவன் கேக்காதவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லுதேன். திருச்செந்தூரே இன்னும் வரல, கேளுங்க.

நாங்க சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள்ள போறவுக. மொதல்ல சங்கு எடுத்தோம். பொறவு எங்க மச்சான், அக்கா புருசன், கஸ்பார்னு பேரு, அவுக தான் மீன் குத்துற வேலைக்கு மாத்துனாவ. கரையில இருந்து ரொம்பத் தூரம் போவணும். அங்க கடலுக்கு அடியில பாறை கெடக்கும், நாங்க பாருன்னு சொல்லுவோம். இருபது பாகம் ஆழம். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க. அந்தப் பாறை இடுக்குல பெரிய பெரிய களவா மீனு கெடக்கும். ஆளு தண்டி இருக்கும், சிலது ஆளவிடப் பெருசா இருக்கும். அத மண்டா வச்சுக் குத்தணும். மண்டான்னா ஈட்டி தான். இதுல ரப்பர் போட்டிருக்கும், விசையத் தட்டுனா பாயும். பின்னால கயிறு கெட்டியிருக்கும்.

குத்துறது கஷ்டம் இல்ல. குத்துன பொறவு தான் இருக்கு. அடிபட்ட மீனு துடிக்கிற துடிப்புல எங்கயோ கெடக்குற சுறாவெல்லாம் வந்துரும். அதனால தனியா எவனும் போவ மாட்டான். ரெண்டு பேரா போவோம். ஒருத்தன் குத்துவான். இன்னொருத்தன் அவன் முதுகோட முதுகா நின்னு, கையில இரும்புப் பூண் போட்ட கம்ப வச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே இருக்கணும். அவனுக்கு முதுகு பாக்குறவன்னு பேரு. சுறா வந்தா கம்ப வச்சு மூக்குல தள்ளணும். சும்மா தள்ளுனாப் போதும், போயிரும். தெரு நாயி மோந்து பாக்க வருமே, அது மாதிரி தான் வரும். பயம் காட்டாம நின்னா ஒண்ணும் செய்யாது. நம்ம பாக்குறோம்னு அதுக்குத் தெரியணும், அவ்வளவு தான். பாக்காதவன்கிட்ட தான் அது வாயத் தொறக்கும்.

முதுகு பாக்குறவனுக்கு ஒரே சட்டம். பின்னால என்ன நடந்தாலும் திரும்பக்கூடாது. மண்டா பாயுற சத்தம் கேட்டா இன்னும் கெட்டியா முன்னால பாக்கணும். ரெண்டு பேரு சிலிண்டரும் ஒட்டியே இருக்கும், லேசா இடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த இடி இருக்குற வரைக்கும் குத்துறவன் பின்னாலயே பாக்க மாட்டான். நம்ம ஆளு நிக்கான்னு அவன் முதுகுக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு எங்க ஆட்கள்ல பொண்டாட்டி கூடப் பொறந்தவனத் தான் கூட்டிட்டுப் போவாவ. முத்துக் குளிச்ச காலத்துலயே கயித்த மச்சினன் கையில தான் குடுப்பாங்களாம். அவன் அசந்தா அவன் அக்கா தாலி போயிரும், அதனால அசர மாட்டான்னு ஒரு கணக்கு. மொத நாளு அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "தொம்மை, ஒன்ன நம்பித்தாம்லே அனுப்புதேன்"ன்னா. நானும் சரின்னு சொன்னேன். என்ன ஏதுன்னு தெரியாமலே சொன்னேன்.

பன்னெண்டு வருசம், அண்ணாச்சி. பன்னெண்டு வருசம் நான் தண்ணியத் தான் பாத்தேன். என் பின்னால, கை எட்டுற தூரத்துல, எவ்வளவு மீனு கெடந்து போராடியிருக்கும். ஒண்ணக்கூட உசுரோட பாத்ததில்ல. மேல வந்து போட்டுல போட்ட பொறவு செத்த மீனப் பாப்பேன். செத்த களவா என்ன அழகு? சேத்துல பொரட்டி எடுத்த சாக்கு மாதிரி ஒரு நிறத்துல கெடக்கும்.

கரைக்கு வந்தா கூட்டம் கூடும். மச்சான் மீன நட்டமாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாவ. போனு என் கையில. "மாப்ள, நல்லா எடு"ம்பாவ. எடுப்பேன். அந்தப் படமெல்லாம் எங்கெங்கயோ போயிருக்கு, கஸ்பார்னா கொச்சியில கூடத் தெரியும்பானுவ. ஒரு படத்துலயாச்சும் நான் இருக்கேனா? எடுக்குறவன் எப்படிப் படத்துல இருப்பான்.

அதக்கூட விட்டுத் தள்ளுங்க. ஷெரின் சின்னப் பிள்ளையா இருக்கும்போது ராத்திரிச் சோத்துக்கு அவ அப்பன் மடியில உக்காந்து கதை கேப்பா. மீனு எப்படி வந்துச்சு, எப்படி முழிச்சுச்சுன்னு மச்சான் கையக் கால ஆட்டிச் சொல்லுவாவ. பிள்ளை வாயப் பொளந்து கேப்பா. ஒரு நாளு என் பக்கம் திரும்பி, "மாமா, நீயும் சொல்லு, நீயும் கூடத்தான போன?"ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? தண்ணி இருந்துச்சு பிள்ளைன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. அக்காவும் சிரிச்சா. பிள்ளைகிட்டச் சொல்ல எனக்குன்னு ஒரு மீனு கெடையாது, அண்ணாச்சி. அதுக்காக நான் வருத்தப்பட்டேன்னு சொல்லல. இருந்துச்சு, அவ்வளவு தான்.

தோளு ஏன் தூக்காதுன்னு கேட்டியள்லா. வாறேன், அதுக்குத் தான் வாறேன்.

ரெண்டு வருசம் முந்தி, கச்சான் காத்து ஓஞ்சு தண்ணி தெளிஞ்சு கெடந்த நேரம். தெக்க ஒரு பாருல ஒரு களவா கெடக்குன்னு மச்சான் அந்த சீசன் பூராவும் சொல்லிக்கிட்டே இருந்தாவ. அவுகளும் மீன முழுசாப் பாக்கல. பாறைக்குள்ள இருந்து வால் மட்டும் வெளிய தெரிஞ்சிருக்கு. அந்த வாலே மொறம் தண்டி இருந்துச்சாம். சோறு திங்கும்போதும் அந்த வாலு, கோயில்ல பூசைக்கு நிக்கும்போதும் என் காதுல அந்த வாலு. எனக்குச் சலிச்சுப் போச்சு.

அன்னைக்குப் போயி எறங்குனோம். அடியில போயி முதுகு சேத்து நின்னோம். சிலிண்டர் இடிச்சுது. மச்சான் பாறைப் பக்கம், நான் வெளிப் பக்கம். எனக்கு எதிர்ல ஒண்ணுமில்ல. நீலமா வெறும் தண்ணி. ஒரு சுறா கூட இல்ல, அதையும் சொல்லிருதேன். கம்ப நேராப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கேன்.

டக்குன்னு மண்டா போச்சு.

அடி விழுந்த வேகத்துல பாறைக்குள்ள இருந்து முழு உருவமா வெளிய வந்துட்டு. அம்மாடி, என்ன மீனு. எங்க வீட்டுக் கதவு அந்த அகலம் இருக்காது. குத்துப்பட்டதும் உடம்பு பூரா ஒரு நொடியில வெளுத்துட்டு, சுண்ணாம்பு அடிச்ச செவரு கணக்கா. பொறவு அந்த வெள்ளை மேல கருப்புக் கருப்பாப் பட்டை ஏறுது. ஏறுது, மறையுது. ஏறுது, மறையுது. வாயத் தொறந்து தொறந்து மூடுது. கண்ணு மட்டும் அசையல, மச்சானையே பாத்துக்கிட்டு இருக்கு. இவுகளும் கயித்தக் கையில சுத்திக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்காவ. இத்தன பெரிய உசுரு இவ்வளவு நேரமும் இந்த இடுக்குக்குள்ள சத்தம் காட்டாமக் கெடந்திருக்கேன்னு தோணுச்சு. அந்த மாதிரி ஒண்ணு ஆயுசுல ஒரு தடவ தான்.

அப்பத்தான் சுறா வந்துச்சு. எங்கயிருந்து வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. என் பக்கம் இருந்து வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல? கீழ பள்ளம் உண்டு, அதுக்குள்ள இருந்து ஏறியிருக்கும். மீனக் கடிக்கத் தான் வந்துச்சு. மீனு கயித்துல, கயிறு மச்சான் கையில. ஒரே இழுப்பு. மீனும் போச்சு, மண்டாவும் போச்சு, மச்சானுக்கு வலது கை முழங்கைக்குக் கீழ போச்சு.

பொறவு யாரு நின்னா? நான் தான நின்னேன். கம்ப வச்சு அந்தச் சுறாவக் குத்துனேன், தள்ளல, குத்துனேன். அது ஒதுங்குச்சு. இன்னொண்ணு வந்துச்சு, அதையும் குத்துனேன். என் இடுப்பு வார உருவி அவுக கையில கெட்டி, அணைச்சுக்கிட்டு மேல வந்தேன். அத்தன ஆழத்துல இருந்து நிறுத்தி நிறுத்தித் தான் வரணும், இல்லன்னா உடம்புக்குள்ள காத்து ஏறிரும். நிறுத்துனா அவுக உசுரு போயிரும். நான் நிறுத்தல. அன்னைக்கு ஏறுன காத்து தான் இந்தத் தோள்ல கெடக்கு. ராத்திரி படுத்தா எலும்புக்குள்ள கடுக்கும். இதப் பத்தி எவனாச்சும் கேட்டானா? ஒரு கை போனது ஊருக்கே தெரியுது. என் தோளு யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரி வராந்தாவுல அக்கா உக்காந்திருந்தா. அழுவல. என்ன ஏதுன்னு கேக்கல. என் மொகத்தப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நீ திரும்புனியாலே?"ன்னா. கம்ப இன்னும் கையிலயே வச்சிருந்தேன், அண்ணாச்சி. மச்சான் ரத்தம் சட்டையில காயல. அந்த நேரத்துல ஒரு அக்கா தம்பிகிட்டக் கேக்குற கேள்வியா அது? இல்லக்கான்னேன். 

சரி, அவளுக்குத் தெரியாது. கரையில இருந்தவ. மச்சானுக்குத் தெரியும்ல? அதத்தான் நான் கேக்கேன். அவுக முதுகு என் முதுகோட ஒட்டியிருந்துச்சு. நான் திரும்புனா சிலிண்டர் விலகும், விலகுனா அடுத்த நொடி அவுக முதுகுக்குத் தெரியும். தூங்குறவனுக்குக் கூடத் தெரியும். அப்ப அவுக ஒரு வார்த்தை சொல்லலாம்ல? 'ஜெசிந்தா, ஒன் தம்பி திரும்பல.' முடிஞ்சு போச்சு. நான் தலை நிமிந்து நடப்பேன். அந்த ஒரு வார்த்தைய அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் சொல்லல. திரும்புனான்னும் சொல்லல, திரும்பலன்னும் சொல்லல. அந்த நாளப் பத்தியே பேச மாட்டாவ. மீனப் பத்தி, சுறாவப் பத்தி, மூச்சு விட மாட்டாவ. கதை கதையாச் சொன்ன ஆளு.

நேர்ல போயிக் கேட்டேன். எடது கையால சோறு பெசஞ்சு தின்னுக்கிட்டு இருந்தாவ. பழக்கமில்லாம பாதிச் சோறு கீழ கெடக்கு. மச்சான், அக்காகிட்டச் சொல்லுங்கன்னேன். "விடு மாப்ள"ன்னாவ. என்னத்த விட? போனது உங்க கை, எனக்குப் போனது மானம்னேன்.  சிலிண்டர் ஒட்டித்தான இருந்துச்சு, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு மறுபடியும் கேட்டேன். என்ன ரொம்ப நேரம் பாத்தாவ. பாத்துட்டு, "சாப்புட்டியா?"ன்னு கேட்டாவ.

அடுப்படியில நின்ன அக்கா இதயெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. கரண்டியோட வெளிய வந்து, "எந்திரிச்சுப் போலே. இனிம இந்த வாசப்படி மிதிக்காத"ன்னா. என்ன அநியாயம் பாருங்க. அவரு ஒண்ணுமே சொல்லல. ஒண்ணும் சொல்லாததுக்கு நான் வெளிய போவணும்.

எனக்குத் தெரியும் அவுக ஏன் சொல்லலன்னு. பெருமை. கஸ்பார் அவசரப்பட்டுக் கயித்தக் கையில சுத்திட்டான்னு ஊரு பேசக்கூடாது. மச்சினன் மேல ஒரு சந்தேகம் கெடக்கட்டும், நமக்கென்னன்னு இருக்காவ. பன்னெண்டு வருசம் முதுகு குடுத்தவனுக்கு இது தான் மரியாத.

அதனால தான் இன்னைக்குப் போறேன். அழைப்பு இல்லன்னா என்ன? தாம்பாளத்துல சேலைய வச்சு, நேரா வீட்டுக்குள்ள போவேன். சொந்தக்காரன் அத்தன பேரும் இருப்பான். இன்னாசியும் இருப்பான். எல்லார் முன்னாலயும் மச்சான் மொகத்தப் பாத்துக் கேப்பேன். திரும்புனேனா, திரும்பலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, அப்பத்தான் சீர எறக்குவேன்னு கேப்பேன். மவ கல்யாணம். அந்த வீட்டுல நின்னு பொய் சொல்ல மாட்டாவ. பொதுவாவே பொய் சொல்லாத ஆளு, அதையும் சொல்லணும். இன்னைக்கு வாயத் தொறந்து தான் ஆவணும். ஷெரினும் கேக்கட்டும், மாமன் எப்படிப்பட்டவன்னு.

என்ன சொன்னிய? சத்தத்துல கேக்கல.

ஆமா, வெளுத்துச்சு. சொன்னேனே. பொறவு பட்டை பட்டையா ஏறுச்சு.

அத யாரு சொன்னாவன்னா? யாரு சொல்லணும். மச்சான் தான் சொல்லியிருப்பாவ. இல்ல, மச்சான் அதப் பத்திப் பேசவே இல்லையே, அதத்தான இவ்வளவு நேரம் சொல்லிக்கிட்டு வாறேன். போட்டுல எல்லாரும் பாத்திருப்போம். இல்ல, அந்த மீனு மேலயே வரல. களவான்னா அப்படித்தான் செய்யும், அண்ணாச்சி, கடல்ல இருக்குறவனுக்கு அது தெரியும். நாலு பேரு சொல்லக் கேட்டிருப்பேன். கண்ணு எங்க பாத்துச்சுன்னு எப்படித் தெரியும்னா? ஏன் இப்படி நோண்டுதிய? நீங்க என்ன வக்கீலா? சாமி கும்பிடப் போற ஆளு, பைய மடியில வச்சுக்கிடுங்கன்னா வச்சுக்கிட வேண்டியது தான.

நான் திரும்பல.

வெத்தல இருக்கா உங்ககிட்ட? பரவாயில்ல, வேண்டாம்.

குலசை தாண்டியாச்சா? நான் கவனிக்கவே இல்ல.

ஒட்டித்தான் இருந்துச்சு. ஒட்டி இல்லன்னா அவுக அன்னைக்கே சொல்லியிருப்பாவல்லா. ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருப்பாவ. அக்கா அவ்வளவு கேட்டா, போலீஸ் கூட வந்து கேட்டான். கை போன மனுசன், எவன் மேலயாச்சும் பழியப் போடத்தான பாப்பான். ஒரு வார்த்தை சொல்லல. சாப்புட்டியான்னு தான் கேட்டாவ.

கேக்குது, கேக்குது, மணப்பாடு விலக்குன்னு கண்டக்டர் கத்துதான். காது நல்லாத்தான் இருக்கு எனக்கு.

அந்தா பாருங்க, ரோட்டோரத்துலயே பிளெக்ஸ் வச்சிருக்காவ. அது தான் ஷெரின். நல்லா இருக்கால்லா? இந்த ஓரத்துல கோட்டு போட்டுச் சிரிக்கான் பாருங்க, அவன் தான் இன்னாசி. கீழ இருக்குறது மச்சான். பழைய படம், ரெண்டு கையும் இருக்கும்போது எடுத்தது. மீன வெட்டி எடுத்துட்டு மொகத்த மட்டும் போட்டிருக்கான். அத எடுத்தது நான் தான். "மாப்ள, நல்லா எடு"ன்னாவ.

இல்ல தம்பி, நான் எறங்கல. நீ விசில் அடி.

பை இருக்கட்டும் அண்ணாச்சி, கொஞ்ச நேரம் மடியிலயே இருக்கட்டும். கண்டக்டர் தம்பி, இங்க வா. உவரிக்கு ஒரு டிக்கெட் குடு.